எண்பத்தொன்றுக்குக் கீழே

ஜூன் 3, செவ்வாய். 83.6 கிலோ

பழைய நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் மிச்சம் இருக்கிறது. இருந்தாலும் இன்று தங்கபாண்டியன் சார் போன் செய்த பிறகு புது நோட்டு வாங்கிவிட்டேன். முதலில் தேதி, அடுத்து எடை, மற்ற கதையெல்லாம் அதற்குப் பிறகுதான். தன்னிடம் பாக்சிங் பழகிய எல்லாருக்கும் ரொசாரியோ மாஸ்டர் போட்ட சட்டம் இது, காலை ஆறுக்குள் எடை பார்த்துவிட வேண்டும். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். நான் பாக்சிங்கை விட்டு எட்டு வருடம். எடை எழுதுவதை மட்டும் விடவில்லை. சிலருக்கு ராசிபலன் பார்க்காவிட்டால் பொழுது விடியாது. எனக்கு இது.

வீட்டுத் தராசை நம்ப முடியாது. காலைக் கொஞ்சம் மாற்றி வைத்தால் அரைக் கிலோ கூடும். அதனால் தபால் பிரிக்கும் ஆபீசில் ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால் பார்சல் நிறுக்கும் தராசில் ஏறி நின்றுவிடுவேன். உடன் வேலை பார்க்கும் சபாபதி அண்ணன் பத்து வருடமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "எந்த ஊருக்கு அனுப்பணும்மா?" நானும் பத்து வருடமாக ஒரே சிரிப்பைத்தான் சிரிக்கிறேன்.

தங்கபாண்டியன் சார் எங்கள் மாவட்ட அணியின் மேனேஜர். மாநிலப் போட்டி ஜூலையில் சேலத்தில் நடக்கிறதாம்.

"இந்த வருசத்தோட உங்களுக்கு வயசு முடியுது மேடம். நாப்பதுக்கு மேல சேக்க மாட்டாய்ங்க. எம்பத்தொண்ணுக்கு மேல இந்தத் தடவையும் ஆளே இல்ல. நீங்க சும்மா வந்து நின்னாப் போதும். தங்கம் நமக்குத்தேன், அணிக்குப் பாயின்டு வரும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். டிசம்பரில் எனக்கு நாற்பது.

ஜூன் 5, வியாழன். 83.4

சாம்பார் ஊசிப்போய்விட்டது, கொட்டினேன். வெயில்தான் காரணம். ஒரு ஆழாக்கு அரிசி போட்டால் மூன்று வேளைக்கு வருகிறது.

ஜூன் 8, ஞாயிறு. எடை பார்க்கவில்லை

லீவு. மொட்டை மாடியில் குத்துப்பை கட்டினேன். கடையில் விற்கும் பை எட்டாயிரம் சொல்கிறான். தடித்த கோணிச் சாக்கு இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, உள்ளே துணியைத் திணித்துத் தைத்தால் அதுவே போதும். துணிக்குப் பஞ்சமில்லை. பீரோவில் கீழ்த்தட்டு முழுக்கப் பழைய சேலைகள். நான் சேலை கட்டுவதில்லை, சும்மா கிடந்து என்ன ஆகப்போகிறது. பதினெட்டுச் சேலை போனது. நனைத்துப் பிழிந்து திணித்தால் காய்ந்த பிறகு கல் மாதிரி நிற்கும்.

ஊதாவில் மாம்பிஞ்சுக் கரை போட்ட ஒன்றை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன். சாக்கு நிரம்பிவிட்டது.

குத்திப் பார்த்தேன். மூன்று நிமிடத்தில் மூச்சு வாங்கியது. கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, "என்னம்மா, துணி துவைக்கிறியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 14, சனி. 82.9

போவது என்று முடிவு செய்து சாருக்குச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. கடைசி வருடம், அவ்வளவுதான்.

மாநிலப் போட்டியில் நான்கு தங்கம் வாங்கியிருக்கிறேன். ஒரு சண்டைகூட ஜெயித்தது கிடையாது. இரண்டும் உண்மை. பெண்களில் எழுபத்தைந்து கிலோவிலிருந்து எண்பத்தொன்று வரை ஒரு பிரிவு, எண்பத்தொன்றுக்கு மேல் கடைசிப் பிரிவு. தமிழ்நாட்டில் பெரிய உடம்புக்காரிகள் இல்லாமல் இல்லை. டிரவுசர் போட்டுக்கொண்டு மேடையேறத்தான் ஆள் இல்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்த இலுப்பைப்பூ நான்தான். தேசியப் போட்டிக்கு நான்கு தடவை போய், நான்கு தடவையும் முதல் சண்டையிலேயே உதை வாங்கித் திரும்பினேன்.

எதிராளி இல்லையென்றால் மெடலை வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. கையில் பட்டி சுற்றி, கிளவுஸ் மாட்டி, தலைக்கவசம் போட்டு, சண்டைக்குப் போகிற மாதிரியே மேடையேற வேண்டும். எதிர் மூலையில் யாரும் இல்லை. மைக்கில் இல்லாத ஆளைக் கூப்பிடுவார்கள். மணி அடிப்பார்கள். பிறகு நடுவர் நம்மை நடுவில் நிறுத்தி ஒரு கையைத் தூக்குவார். அவருடைய இன்னொரு கை சும்மா தொங்கும். கூட்டத்தில் யாராவது ஒருத்தர் கைதட்டிவிட்டு, வேறு யாரும் தட்டவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொள்வார்.

முதல் தங்கம் இருபத்தொரு வயதில். நான் உண்மையில் எண்பதில்தான் இருந்தேன். எடை போடுமுன் தண்ணீர் குடித்து எண்பத்தொன்றைத் தாண்டினேன். ஒரு லிட்டர் குடித்தால் ஒரு கிலோ, கணக்கு சுலபம். மாஸ்டர் சொன்னார், செய்தேன். அந்தத் தங்கத்துக்குத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த வேலை. அதில் தப்பொன்றும் இல்லை, சட்டப்படி எல்லாம் சரி.

ஜூன் 19, வியாழன். 82.2

சபாபதி அண்ணன் இன்று எந்த ஊர் என்று கேட்கவில்லை. "என்னம்மா இளைச்சுக்கிட்டே போற, டாக்டர்ட்ட காட்டுனியா?" என்றார். பயிற்சிதான் அண்ணே என்றேன்.

எதிர்வீட்டு அம்மா சொல்கிறாள், "ஆனை படுத்தாலும் குதிரை மட்டம், கவலப்படாத." நல்ல மனசோடுதான் சொன்னாள்.

ரேஷன் கார்டில் பெயர் நீக்கப் போக வேண்டும். ஏழு மாதமாகத் தள்ளிப்போகிறது.

ஜூன் 24, செவ்வாய். 81.9

ஸ்டேடியத்துக்குப் போனேன். எனக்கு ஈடான எடையில் யாரும் இல்லை. எழுபது கிலோவில் ஒரு கல்லூரிப் பெண் பயிற்சிச் சண்டைக்கு வந்தாள். இரண்டாவது நிமிடத்தில் என் தாடையில் நன்றாக ஒன்று வைத்துவிட்டு, "வலிக்குதா ஆன்ட்டி?" என்றாள். அடி வலிக்கவில்லை. ஆன்ட்டிதான் வலித்தது.

குத்திவிட்டுக் கையை இழுக்கும்போது இடது கையை இறக்கிவிடுகிறேன். இருபது வருடப் பழக்கம். கூடப் பழகிய அமலி எத்தனை தடவை சொல்லியிருப்பாள். இடது பக்கம் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடன் வந்தான் என்று அழுவாய் என்பாள்.

கால் மட்டும் ஆச்சரியமாக லேசாக இருந்தது. முன்பெல்லாம் நகர மறுக்கும்.

ஜூன் 29, ஞாயிறு. எடை பார்க்கவில்லை

14ஆம் தேதி எழுதியதில் ஒன்று பொய். நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்றப்போகிறேன் என்று தெரியவில்லை. அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை.

அமலியும் நானும் தூத்துக்குடியில் ஒரே தெரு, ஒரே பள்ளி, மாஸ்டரிடம் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இரண்டு பேரும் எண்பது கிலோ. மாவட்டத்துக்கு ஒரு பிரிவில் ஒருத்திதான் போக முடியும். மாஸ்டர் சொன்னது இதுதான்: "நாளைக்குக் காலைல நீங்க ரெண்டு பேரும் மோதுங்க. ஜெயிக்கவ போவா." மூன்று வருடம் தினமும் அமலியிடம் அடி வாங்கியவள் நான். மறுநாள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்று சாயங்காலம் மாஸ்டர் மேசையில் கிடந்த பட்டியலைப் பார்த்தேன். எண்பத்தொன்றுக்கு மேல் என்ற இடத்தில் ஒரு பெயரும் இல்லை.

அமலியிடம் போய், "மாஸ்டர் என்ன மேல் எடைக்குப் போகச் சொல்லிட்டாரு, நமக்குள்ள சண்ட வேண்டாமாம்" என்றேன். மாஸ்டரிடம் எனக்கு எடை கூடிவிட்டது என்றேன். அமலி எவ்வளவு சந்தோஷப்பட்டாள். எடை போடும் இடத்தில் அவள்தான் குழாயில் பாட்டிலை நிரப்பி நிரப்பித் தந்தாள். "ஏட்டி, இன்னும் ஒரு மடக்கு குடி. வயிறு வெடிச்சா நான் தச்சு விடுதேன்." சிரித்துச் சிரித்து எனக்கு மூக்கில் தண்ணீர் ஏறியது.

அவள் நான்கு நாளில் மூன்று பேரோடு மோதி, புருவம் கிழிந்து, இறுதிப் போட்டியில் ஒரே புள்ளியில் தோற்றாள். வெள்ளி. நான் ஒரு நிமிடம் மேடையில் நின்றேன். தங்கம். அந்த வருடம் வேலைக்கு எங்கள் பக்கம் ஒரே இடம். தங்கம் இருந்ததால் எனக்கு வந்தது. நான் இல்லையென்றால் அடுத்த பெயர் அவள்தான்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை என்னை மாதிரிக் கடைப்பிடித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

பிறகு மாஸ்டர் வாயிலிருந்தே அவளுக்கு விஷயம் தெரிந்தது. சண்டை போட வரவில்லை. வந்து நாலு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லட்டு கொண்டுபோனேன், அவள் அம்மா வாங்கிக்கொண்டாள். அமலி உள்ளேயிருந்து வரவில்லை. கல்யாணமாகித் திருச்செந்தூருக்குப் போனாள். புருஷனும் அவளுமாகக் கோழிக்கடை வைத்திருக்கிறார்கள். நான்கு வருடத்துக்கு முன் பஸ்ஸில் போகும்போது கடையைப் பார்த்தேன். அமலி சிக்கன் சென்டர். போர்டில் நம்பர் இருந்தது, என் போனில் குறித்துக்கொண்டேன். பஸ் மூன்று நிமிடம் நின்றது. நான் இறங்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி. 81.3

மெடிக்கல் படிவம் நிரப்பினேன். பெண்கள் தனியாக ஒரு தாள் கொடுக்க வேண்டும்: நான் கர்ப்பமாக இல்லை என உறுதி கூறுகிறேன், கீழே கையெழுத்து. இருபத்தொரு வயதில் இதைப் போடும்போது வெட்கமாக இருந்தது. இன்று டாக்டர் கேட்காமலேயே சீல் குத்தினார்.

அவசரத் தொடர்புக்கு யார் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. போன தடவை எழுதிய பெயரை எழுதப்போய் பாதியில் நிறுத்தினேன். அம்மா இல்லை என்பது படிவம் நிரப்பும்போதுதான் சட்டென்று தெரிகிறது. சபாபதி அண்ணன் பெயரைப் போட்டேன்.

ஜூலை 7, திங்கள். 81.2

சார் போன். "எடை எப்படி இருக்கு மேடம்? எம்பத்தொண்ணுக்குக் கீழ வந்துறாதீங்க. நல்லாச் சாப்புடுங்க."

இந்த வார்த்தையைச் சொல்ல முன்பு வீட்டில் ஆள் இருந்தது. காலையில் நான்கு முட்டை, கேப்பைக் கூழ், மத்தியானம் தட்டு நிறைய. போதும் போதும் என்று கத்துவேன். வேலை நிலைக்க வேண்டுமென்றால் எடையும் நிலைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்ததை அம்மா நான் போட்டியை விட்ட பிறகும் நம்பிக்கொண்டிருந்தாள். இன்று மூன்று தோசை சுட்டேன், ஒன்று சாப்பிட்டேன்.

வெயிலெல்லாம் காரணமில்லை. தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 11, வெள்ளி. 80.9, சேலம்

அதிகாரபூர்வத் தராசு. இரண்டு தடவை ஏறினேன். 80.9.

தங்கபாண்டியன் சார் அறைக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு லிட்டர் பாட்டில்.

"இன்னும் இருவது நிமிசம் இருக்கு மேடம். அரை லிட்டர் உள்ள போனாப் போதும். மடமடன்னு குடிச்சுட்டு ஏறி நில்லுங்க, முடிஞ்சுச்சு சோலி."

பாட்டிலை வாங்கிக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. மூடியைத் திருகினேன். உண்மையைச் சொல்வதென்றால் குடித்துவிடலாம் என்றுதான் திருகினேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது வயிறு வெடித்தால் தைத்துவிட ஆள் இல்லையே என்று தோன்றியது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பாட்டிலை மூடி அவர் கையிலேயே கொடுத்தேன்.

"எண்பத்தொண்ணுலயே போடுங்க சார்."

"அங்க நாலு பேரு இருக்காய்ங்க மேடம். எல்லாம் இருவத்தஞ்சுக்குள்ள. அந்தப் போலீஸ்காரப் புள்ள போன வருசம் ஒருத்திக்கு மூக்க ஒடச்சு விட்டுருச்சு."

"பரவாயில்ல சார்."

"தங்கம் கைல இருக்கு, அத விட்டுப்புட்டு..." பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவரே அதைக் குடித்தார். கோபம்தான். ஆனால் பெயரை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். ஒருத்தி வரவில்லையாம், என்னோடு சேர்த்து நான்கு பேர். நாளை அரையிறுதி.

பயமாக இருக்கிறது. பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் பட்டிருக்க வேண்டிய பயம்.

ஜூலை 12, சனி. 80.7

எதிராளி கிருத்திகா, கிருஷ்ணகிரிப் பெண், வயது இருபத்துநான்கு. கபடியிலிருந்து வந்தவள், தோள் இரண்டும் கதவு மாதிரி.

முதல் சுற்று முழுக்க அவளுடையது. இடது கையை இறக்கினேன், அவள் வலதால் காதில் கொடுத்தாள். விளக்கெல்லாம் ஒரு தரம் அணைந்து எரிந்தது. மறுபடி இறக்கினேன், மறுபடி கொடுத்தாள். மூலைக்கு வந்து உட்கார்ந்தபோது சார் வாயில் தண்ணீர் ஊற்றி, "கைய தூக்குங்க மேடம்" என்றார். அந்தக் குரல் எனக்கு வேறு ஆளுடைய குரலாகக் கேட்டது.

இரண்டாவது சுற்றில் கால் வேலை செய்தது. எடை குறைந்த கால், சொன்ன இடத்துக்குப் போனது. அவள் கபடி மாதிரியே மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்கிறாள், பாய்ந்து முடித்ததும் ஒரு கணம் மூச்சுவிட நிற்கிறாள். அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்தேன். காத்திருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. மூன்றாவது சுற்றில் அந்தக் கணம் ஏழெட்டுத் தடவை வந்தது, ஒன்றையும் விடவில்லை. கடைசி மணி அடித்தபோது நிற்க முடியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

நடுவர் இரண்டு பேரையும் நடுவுக்குக் கூப்பிட்டார். ஐந்து நீதிபதிகளில் மூன்றுக்கு இரண்டு என்று மைக்கில் கேட்டது. என் கை மேலே போனது.

அவருடைய இன்னொரு கையில் கிருத்திகாவின் கை இருந்தது. வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றாள். நடுவரின் இரண்டு கையிலும் ஆள் இருந்து நான் ஜெயித்தது இதுதான் முதல் தடவை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "நல்லா அடிச்சீங்க அக்கா" என்றாள். அக்கா என்றாள், ஆன்ட்டி என்று சொல்லவில்லை.

ராத்திரி பரோட்டா நான்கு தின்றேன்.

ஜூலை 13, ஞாயிறு. 80.8

இறுதிப் போட்டியில் தோற்றேன். போலீஸ்காரப் பெண்ணிடம் மூன்று சுற்றும் நின்றேன், மூக்கில் ரத்தம் வந்தது, உடையவில்லை. வெள்ளி மெடல். வீட்டில் இருக்கும் நான்கு தங்கத்தைவிடக் கனமாக இருக்கிறது. உலோகம் ஒன்றாகத்தான் இருக்கும், எனக்குத்தான் கை வலி.

சாருக்கு வருத்தம் போகவில்லை. இருந்தாலும் பஸ் ஸ்டாண்டு வரை வந்து பையைத் தூக்கிக்கொடுத்தார்.

மதுரை பஸ் கிளம்ப அரை மணி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மெடலை எடுத்துப் பார்த்தேன். யாருக்குச் சொல்வது என்று யோசித்தேன். சபாபதி அண்ணனுக்குச் சொன்னேன், ரொம்ப சந்தோஷம்மா என்றார். அதற்குப் பிறகு நம்பர் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிக்கடையில் கூட்டம் நேரம். பின்னால் யாரோ தோலை உரிச்சுக் குடு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆரு?"

"ரெஜினா பேசுதேன்."

கத்தி வெட்டும் சத்தம் மட்டும் நின்றது.

"சேலத்துல ஸ்டேட்டு. வெள்ளி அடிச்சிருக்கேன்," என்றேன். "ஒரு சண்ட ஜெயிச்சேன்." சின்னப் பிள்ளை மாதிரி சொன்னேன், வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"எந்த எடைல?"

"எம்பத்தொண்ணுல."

"தண்ணி குடிச்சியா?"

"இல்ல."

கடைச் சத்தம் எல்லாம் கேட்டது. போனை வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை.

"அம்மா போய்ட்டாங்க அமலி. போன நவம்பர்ல," என்றேன். அதைச் சொல்ல நான் நினைக்கவே இல்லை.

"கேள்விப்பட்டேன்." பிறகு, "இடது கைய இறக்குனியா?"

"இறக்குனேன்."

"இறக்குவ. கடைல ஆளு நிக்கி, வைக்கேன்."

வைத்துவிட்டாள். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அதை மட்டும் சொல்லவில்லை. பஸ்ஸில் நாமக்கல் வரை அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கில் இருந்த பஞ்சைப் பார்த்து, ஆக்சிடெண்டா என்று கேட்டார்.

ஜூலை 14, திங்கள். 80.4

காலை ஐந்தே முக்காலுக்கு ஆபீஸ் தராசில் நின்றேன். சபாபதி அண்ணன் இன்னும் வரவில்லை. பையில் போன் அடித்தது. இந்த நேரத்தில் எனக்கு யாரும் போன் செய்ததில்லை.

"ஏறிட்டியா?" என்றாள் அமலி. பின்னால் கோழி வண்டி வந்து நிற்கும் சத்தம்.

"ஏறிட்டேன்."

"எவ்வளவு காட்டுது?"

தராசைப் பார்த்து வாசித்துச் சொன்னேன்.

"கொறஞ்சிருக்கியே, ஏட்டி," என்றாள். "நேத்து ராத்திரி என்ன சாப்புட்ட?"